ராமநாதபுரத்துக்கு ஒரு பழைய விமானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அறிவித்ததில் இருந்து எங்கள் பக்கம் டீக்கடை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு எங்கே போனாலும் இதே பேச்சுதான். எந்த ஊரில் வரும், யார் நிலம் போகும், சென்ட் என்ன விலைக்கு ஏறும் என்று ஆளுக்கொரு கணக்கு. உங்கள் பேப்பரில் இதைப் பற்றி வருகிற செய்திகளை நான் விடாமல் படிக்கிறேன். விமான நிலையம் வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். இன்றைக்கு ராமேசுவரத்துக்காரர் ஒருவர் விமானம் ஏற வேண்டுமென்றால் மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு விஷயத்தை யாரும் எடுக்கவே இல்லை. இந்தக் கடற்கரைக்கும் ஆகாயத்துக்கும் உள்ள தொடர்பு இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்பது போலவே எல்லோரும் பேசுகிறார்கள். அது கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷத்துக் கதை. அதை மொத்தமாகச் சொல்வதற்கு மாவட்டத்தில் ஓர் இடம் கிடையாது.

நான் மண்டபம் ஒன்றியத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கடற்படை ஓட்டி முடித்து ஓரமாக நிறுத்திவிட்ட ஒரு விமானத்தையோ ஹெலிகாப்டரையோ கேட்டு வாங்கி, ராமநாதபுரம் டவுனில், பிள்ளைகள் கிட்டே போய்க் கையை வைத்துப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும். விமான நிலையம் கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏன் இதைக் கேட்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிக்கப் போனது எப்படி என்று எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த பணத்தில்தான் அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார், அது பலருக்குத் தெரியும். ஆனால் அங்கே சேர்ந்த பிறகு எந்தப் பிரிவை எடுப்பது என்று அவருக்கு வழிகாட்டியது இரண்டு பழைய விமானங்கள். பறக்கிற காலம் முடிந்து, மாணவர்களுக்கு பாகங்களைக் காட்டுவதற்காக வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தவை அவை. மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் தான் மட்டும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகக் கலாமே எழுதியிருக்கிறார். முதல் வருஷம் முடிந்ததும் விமானப் பொறியியலைத்தான் எடுப்பது என்று அவர் தயங்காமல் முடிவு செய்தது அதனால்தான். பறக்காத இரண்டு விமானம் ஒரு பையனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யோசித்துப் பாருங்கள். நாம் அவருக்குச் சிலை வைத்தோம், தெருவுக்கும் பள்ளிக்கும் பேர் வைத்தோம், பிறந்த நாளுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். அவரைத் திருப்பிவிட்ட அந்த ஒரு பொருளை மட்டும் நம் பிள்ளைகள் கண்ணில் காட்டவில்லை.

பேக்கரும்பு நினைவிடத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2015 ஜூலை 30ஆம் தேதி அவரை அங்கே அடக்கம் செய்தார்கள், இரண்டு வருஷத்தில், 2017 ஜூலை 27இல், நினைவிடம் திறந்தாயிற்று. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. நன்றாகத்தான் கட்டியிருக்கிறது. ஏவுகணை மாதிரி, ராக்கெட் மாதிரி, படங்கள் எல்லாம் இருக்கின்றன. மசூதித் தெருவில் அவர் வீட்டிலும் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரு மனிதருக்கான மரியாதை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் வந்த இடத்தில் வேனை நிறுத்தி இறங்குகிற வெளியூர் ஆட்கள். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி, திருவாடானைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமேசுவரமே தூரம். பள்ளிச் சுற்றுலா ஒன்று அமைந்தால்தான் உண்டு, அதிலும் நாலு இடம் பார்க்கிற அவசரத்தில் வரிசையாக உள்ளே போய் வரிசையாக வெளியே வந்துவிடுவார்கள்.

சரி, தொண்ணூறு வருஷத்துக் கதை என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னையில் இருந்து கொழும்புக்குப் போகிற ஆளும் தபாலும் போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயில் பிடித்துப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வழிக்கு மேலே இன்னொரு வழி சீக்கிரமே வந்துவிட்டது. 1935 நவம்பர் 27ஆம் தேதி கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது. அது எங்கிருந்து வந்தது? சென்னையில் இருந்து. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ என்பவர் பஸ் மாத் என்கிற சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு போனார். மூன்று வருஷம் கழித்து, 1938இல், டாடா நிறுவனம் கராச்சி - சென்னை விமானத் தபாலைத் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டியது.

வகுப்பில் நான் இதை இப்படித்தான் சொல்வேன். சுவரில் மாட்டியிருக்கிற வரைபடத்தில் திருச்சியில் ஸ்கேலின் ஒரு முனையையும் கொழும்பில் மறுமுனையையும் வைத்துக் கோடு போடச் சொல்வேன். அந்தக் கோடு நேராக வந்து மண்டபம், பாம்பன் பக்கமாகக் கடலில் இறங்கும். பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள், ஸ்கேலை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்ப்பார்கள். அந்தத் தபால் விமானம் காற்று, மேகம் பார்த்துக் கொஞ்சம் இப்படி அப்படி விலகிப் போயிருக்கலாம், ஆனாலும் அந்தப் பாதையின் நேர்கோடு நம் தலைக்கு மேலேதான் போகிறது. அப்போது ராமேசுவரத்தில் கலாமுக்கு வயது ஆறு. இன்னொன்றும் சொல்வேன். ஜே.ஆர்.டி. டாடா முதன்முதலாகக் கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டியது 1932 அக்டோபர் 15. கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருடைய முதல் பிறந்த நாளன்றைக்குத்தான் நாட்டில் டாடாவின் தபால் விமானம் கிளம்பியிருக்கிறது. அதுவும் பஸ் மாத் ரகம்தான். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே வருஷா வருஷம் சொல்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1947 டிசம்பர் 10இல் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தையே ரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு டகோட்டா விமானத்தில் நடத்தியது. நம் பக்கத்துக் கடல் எப்போதும் இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு முற்றமாகத்தான் இருந்தது, அதன் மேலே பறப்பதும் வழக்கமாகவே இருந்தது. பின்னாளில் அந்த ஆகாயம் பயத்தோடு அண்ணாந்து பார்க்கிற ஆகாயமாக மாறியது.

1987 ஜூன் மாதத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு செஞ்சிலுவைக் கொடியோடு ராமேசுவரத்தில் இருந்து மீன்பிடிப் படகுகள் கிளம்பின. ஜூன் 3ஆம் தேதி. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்தது, படகுகள் திரும்பி வந்தன. மறுநாளே பெங்களூரில் இருந்து ஐந்து ஏ.என். 32 சரக்கு விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு போய், அதே மாதிரிப் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் போட்டன. ‘பூமாலை’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். விமானத்தைப் பற்றிப் புத்தகங்களில் இருக்கிறது. முந்தின நாள் திரும்பி வந்த படகுகளைப் பற்றி, அதில் போனவர்கள் என்ன பார்த்தார்கள், எவ்வளவு நேரம் கடலில் நின்றார்கள் என்பதைப் பற்றி, அவர்கள் வாயால் சொன்ன பதிவு ஒன்று நம் மாவட்டத்தில் பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் இருக்கிறதா? அன்றைக்கு இருபது வயதில் படகேறியவருக்கு இப்போது வயது அறுபதை ஒட்டி இருக்கும். இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடலாம்?

அப்புறம் உச்சிப்புளி. ராமநாதபுரத்தில் இருந்து மண்டபம் போகிற சாலையில் போகிறவர்கள் மதில், முள்வேலி, காவல் கூண்டு மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். எங்களுக்கு அது அன்றாட வாழ்க்கை. எண்பதுகளில் இருந்தே கடற்படையின் விமானப் பிரிவு அங்கே இருக்கிறது. 1990இல் இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்து திரும்பிய பிறகு பாக் நீரிணையைக் கண்காணிக்கக் கடற்படை ‘தாஷா’ என்ற பெயரில் ரோந்தைத் தொடங்கியபோது, சேத்தக் ஹெலிகாப்டர்களின் சத்தம் எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பழகிப்போனது. 2009 மார்ச் 26இல் அந்தத் தளத்துக்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் சூட்டினார்கள். 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. கொச்சி, போர்பந்தருக்கு அடுத்து கடற்படைக்கு அது மூன்றாவது. ஹெரான், சர்ச்சர் என்று இரண்டு ரகம். ஹெரானின் இறக்கை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை 16.6 மீட்டர், கிளம்பினால் 24 மணி நேரத்துக்கு மேலே ஆகாயத்திலேயே நிற்கக்கூடியது. புரொப்பல்லர் பின்பக்கம் இருக்கும், அதனால் அந்த முனகல் சத்தமே வேறு மாதிரி. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தலையைத் தூக்காமலே சத்தத்தை வைத்து ட்ரோனா ஹெலிகாப்டரா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது, இறக்கை ஏன் அவ்வளவு நீளமாக, ஒல்லியாக இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. காட்டினால்தானே வரும்? நீளமான ஒல்லி இறக்கை காற்றை அதிகம் கலக்காமல் தூக்குவிசையை எடுக்கும், எரிபொருள் மிச்சமாகும், வெகுதூரம் பறக்கிற கடற்பறவைக்கும் அதே கணக்குதான். இதைக் கரும்பலகையில் வரைந்து சொல்வதற்கும் ஓர் இறக்கைக்குக் கீழே நிற்க வைத்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த பாடமுறை கிடையாது. ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் கலாமுக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர் செய்ததுதான். பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டுச் சொன்னார், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அன்று சாயங்காலமே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், பறக்கிற பறவையைக் காட்டி, சிறகு என்ன செய்கிறது, வால் எப்படித் திரும்புகிறது என்று விளக்கினார். அந்த ஒரு சாயங்காலம்தான் தன் வாழ்க்கைக்குத் திசை கொடுத்தது என்று கலாம் மேடைக்கு மேடை சொன்னார். ஆலாவும் கடற்காகமும் அதே கரையில் இன்றைக்கும் இருக்கின்றன. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025இல் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்து, முகத்தில் படுகிற காற்றை வைத்தே கடலின் போக்கைச் சொல்கிற மனிதர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். ரன்வே போடுவதற்கும் முதலில் பார்ப்பது காற்றின் திசையைத்தான். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு விமான அறிவியல் அந்நியமானது இல்லை. பாதி அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மீதியைக் காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

மண்டபத்தில் இருக்கிற கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கும் கலாமுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அது கடலில் இருந்து கரையேறுகிற காட்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர்ப் புகை மட்டும் தெரியும், வண்டியே தெரியாது. கிட்டே வர வர காதை அடைக்கிற சத்தம், கீழே சுற்றிலும் கறுப்பு ரப்பர் பாவாடை உப்பிக்கொண்டு நிற்கும், தண்ணீர் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு வண்டியும் குலுங்காமல் போக முடியாது என்று நாம் நினைப்போம், அதுவோ அந்தக் கோட்டைக் கவனிக்காத மாதிரி அப்படியே மணலில் ஏறி வரும். மணல் பறந்து முகத்தில் ஊசியாகக் குத்தும். எஞ்சினை அணைத்ததும் பாவாடை மெல்ல இறங்கி வண்டி மணலில் உட்காரும். அடியில் காற்றை அடைத்து அந்தக் காற்று மெத்தையின் மேல் போகிற வண்டி அது, அதனால்தான் நீரிலும் ஓடும் நிலத்திலும் ஓடும். அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளுக்குப் படகு போக ஆழம் போதாது, ஜீப் போக நிலம் கிடையாது. 2022இல் இலங்கையில் பஞ்சம் வந்தபோது, குழந்தைகளோடு தப்பி வந்து அந்தத் திட்டில் தவித்த தமிழர்களை மீட்டுக்கொண்டு வந்தது இந்த வண்டிதான்.

இதே ரக வண்டி ஒன்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு சின்னக் குழு இறங்கியது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராமேசுவரத்துக் கலாம். வண்டிக்கு ‘நந்தி’ என்று பேர். தரையை விட்டு ஏதோ சில சென்டிமீட்டர்தான் எழும்பும். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்த்தார், கலாமே ஓட்டினார். மேனன் பதவியை விட்டுப் போன பிறகு திட்டம் நின்றுபோனது. ஆனால் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து வந்த பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் அந்த வண்டியைப் பார்த்து, ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டுப் போனார். அதற்கு அப்புறம்தான் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவில் இருந்து கலாமுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது, விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார், தும்பாவுக்குப் போனார், 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. கைவிடப்பட்ட ஒரு ஹோவர்கிராஃப்ட்தான் அவரை ராக்கெட் பக்கம் கொண்டு போனது. இன்றைக்கு அதே மாதிரி வண்டி அவர் பிறந்த தீவைச் சுற்றி ரோந்து போகிறது. இப்படி ஒரு கதை வேறு எந்த ஊருக்காவது கிடைத்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

எஸ்.எல்.வி. 3 ராக்கெட்டின் கதை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10இல் கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. நான் அதற்குள் போகவில்லை. டேராடூனில் விமானப்படை நேர்காணலில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டும் எடுத்ததால் விமானி ஆகாமல் போன அதே மனிதர், 2006 ஜூன் 8இல், 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய் 30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆகாய அறிவியல் எங்கள் ஊருக்குப் பெருமை பேசுவதற்கு மட்டும் இல்லை, உயிர் விஷயம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்னால், மேலே இருந்து எடுத்த ஒரு படம் இந்தக் கரையில் இருந்த மீனவன் கைக்கு வந்து சேர வழியே இல்லை. இன்றைக்குப் புயல் கடலில் உருவாகும்போதே டிவியில் செயற்கைக்கோள் படம் ஓடுகிறது. மீன் அதிகம் கிடைக்கக்கூடிய இடத்தைக் கடல் வெப்பத்தை வைத்துச் செயற்கைக்கோள் தகவல் சொல்கிறது. விசைப்படகுகளில் பொருத்துகிற இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி, செல்போன் டவர் எட்டாத தூரத்தில் இருந்தும் கரைக்கு ஆபத்துச் செய்தி அனுப்புகிறது. 2021 பிப்ரவரியில் மாணவர்கள் செய்த நூறு குட்டிச் செயற்கைக்கோள்களை ராமேசுவரத்தில் இருந்துதான் பலூனில் ஏற்றி அனுப்பினார்கள். தெற்கே அதே மன்னார் வளைகுடாக் கரையில் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் சுற்றி வளைத்துப் போக வேண்டும், குலசையில் இருந்து என்றால் நேராகத் தெற்கே போகலாம், சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரிய விஷயம். நாளைக்கு அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டாமா? மத்திய அரசு கணக்கில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிற மாவட்டம் எங்களுடையது.

இனி நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டுப் போவது சுலபம். விசாகப்பட்டினத்தில் கடற்படையின் டி.யு. 142 என்கிற பிரம்மாண்டமான ரோந்து விமானத்தைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஏறிப் பார்க்கலாம். கோவாவில் கடற்படைக்கென்றே ஒரு விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு சேத்தக் போதும். பிரெஞ்சு வடிவமைப்பை வைத்து, விமானம் தயாரிக்கிற அரசு நிறுவனமான எச்.ஏ.எல். பெங்களூரில் செய்த ஏழு பேர் உட்காருகிற ஹெலிகாப்டர் அது, கடலில் காணாமல் போன படகைத் தேடி எங்கள் கரைக்கு மேலே சுற்றிய அதே ரகம். அதுவே எங்கள் ஊர்க் கதையைச் சொல்லும்.

எங்கே வைப்பது? தனுஷ்கோடியில் வைக்கலாம், டூரிஸ்ட் வருவார்கள் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த உப்புக் காற்றில் அலுமினியத் தகடு ஆணி அடித்த இடங்களில் முதலில் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் உதிரத் தொடங்கும். படகு எஞ்சின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் உப்பு என்ன செய்யும் என்று சொல்வார்கள். கடலில் இருந்து தள்ளி, ராமநாதபுரத்தில் கலெக்டர் அலுவலகம் இருக்கிற பட்டணம்காத்தான் பக்கம் வைக்கலாம். மாவட்டத்தின் எல்லாத் திசையில் இருந்தும் மனு கொடுக்க, சான்றிதழ் வாங்க என்று ஜனங்கள் பிள்ளைகளோடு வருகிற இடம். மேலே கூரை கட்டாயம் வேண்டும், வெயிலும் மழையும் நேரே படக்கூடாது. பெரிய கம்பி வேலி போட்டு எட்ட நின்று பார்க்கச் சொல்வதாக இருந்தால் அதற்குப் படமே போதும். கதவைத் திறந்து ஒவ்வொரு வகுப்பாக உள்ளே உட்கார வைக்க வேண்டும், விசிறி இறக்கையின் கோணம் மாறுவதைக் கையால் அசைத்துக் காட்ட வேண்டும். பராமரிப்பை மாவட்டத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பயிற்சியாகவே கொடுக்கலாம். தூசி தட்டுவது, பெயின்ட் அடிப்பது, துருவைச் சுரண்டுவது எல்லாம் அவர்கள் படிப்புக்குள் வருகிற வேலைதான். சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டாம். கடற்படையிலும் விமானப்படையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முப்பது வருஷம் எஞ்சினைக் கழற்றி மாட்டியவர் சாயங்காலம் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் ஒரு பிள்ளை எதுவும் கேட்டதில்லை.

பாதுகாப்பு காரணம் சொல்வார்கள். ரகசியமான எதையும் நாங்கள் கேட்கவில்லை. எல்லாக் கருவியையும் கழற்றிவிட்டு வெறும் உடம்பைக் கொடுத்தாலும் போதும். காசு இல்லை என்பார்கள். விமான நிலையத்துக்கு ஆகப்போகிற செலவில் இது தூசி. வருங்கால முனையத்துக்குள்ளேயே ஒரு காட்சிக்கூடம் வைத்துவிடலாமே என்று கேட்டால், வையுங்கள், அதுவும் வேண்டும். ஆனால் டிக்கெட் எடுத்தவர் மட்டும் நுழைகிற இடத்தில் வைத்தால் கடலாடிப் பிள்ளை எப்படிப் பார்க்கும்?

உங்களிடம் ஒரு கோரிக்கை, ஐயா. ராமேசுவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலில் இருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போட உதவியவர் கலாம். பேப்பருக்கு இந்தக் கதையில் உரிமை இருக்கிறது. 1987 ஜூனில் படகில் போனவர்கள், உச்சிப்புளித் தளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள், தளத்தில் சமையல், கட்டுமான வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள், ஹெலிகாப்டரால் காப்பாற்றப்பட்ட மீனவர்கள் இவர்களிடம் இருந்து பழைய போட்டோவும் நினைவுகளும் வரவேற்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். அனுப்பத் தெரியாதவர்கள் வீட்டுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் நானும் போய்ப் பேசிப் பதிவு செய்து எழுதித் தருகிறோம். விமானத்தைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கும் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்துக்கும் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்கள், ஊராட்சிகள், மீனவர் சங்கங்கள் கையெழுத்துப் போட முன்வர வேண்டும் என்று இந்தக் கடிதம் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.